பப்ளிக் டிஃபெண்டர் வேலை: டிரயலா, அப்பீலா?

கடைசி வருட மாணவி:
அமெரிக்காவில் சட்டம் படிக்கிறேன். வக்கீல் வைக்க வசதியில்லாதவர்களுக்கு அரசுச் செலவில் வாதாடும் பப்ளிக் டிஃபெண்டர் அலுவலகங்களுக்கு விண்ணப்பிக்கப் போகிறேன். நாலு பேர் முன்னால் பேசவே எனக்குக் கை நடுங்கும். எழுத்து நன்றாக வரும். நேராக அப்பீல் பிரிவில் சேர்ந்துவிடலாமா? அப்புறம், இந்தச் சம்பளத்தில் கல்விக்கடன் அடையுமா?

பழைய டிரயல்காரன்:
ஒன்பது வருடம் டிரயல், இப்போது ஐந்தாவது வருடமாக அப்பீல். என்னைக் கேட்டால், இரண்டு வருடமாவது டிரயல் பார்த்துவிட்டு வாருங்கள்.

அப்பீலுக்கு வந்த புதிதில் ஒரு கொள்ளை வழக்கின் டிரான்ஸ்கிரிப்டை, அதாவது கோர்ட்டில் பேசியதன் எழுத்துப் பதிவை, படித்தேன். எவ்வளவு தூரத்திலிருந்து ஆளைப் பார்த்தீர்கள் என்று நம் தரப்பு வக்கீல் கேட்கிறார். "இங்கேயிருந்து அதோ அங்கே வரைக்கும்" என்கிறார் சாட்சி. வக்கீல் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். எது இங்கே, எது அங்கே? பத்தடியா, அறுபதடியா? ஜூரி கண்ணால் பார்த்திருக்கும். மேல்கோர்ட்டு நீதிபதிகளுக்குக் கிடைப்பது காகிதம் மட்டும். "சாட்சி காட்டியது சுமார் இத்தனை அடி என்று பதிவாகட்டும்" என்று ஒரு வரி சொல்லியிருந்தால் எனக்கு ஒரு பிடி கிடைத்திருக்கும். அவரைத் திட்டவும் மனசு வரவில்லை. ஒன்பது வருடத்தில் நான் எத்தனை "அதோ அங்கே"க்களைத் தவறவிட்டேனோ!

ஆட்சேபனையும் அப்படித்தான். அந்த நிமிடமே எழுந்து சொல்லாவிட்டால் அப்பீலில் பெரும்பாலும் எடுபடாது. சரி, வக்கீல் சரியில்லை என்று வாதாடலாமே என்றால், உச்ச நீதிமன்றத்தின் 1984 ஸ்டிரிக்லண்ட் தீர்ப்பு குறுக்கே நிற்கும். வக்கீல் தவறு செய்தார் என்று காட்டினால் போதாது. அந்தத் தவறு இல்லாவிட்டால் முடிவு மாறியிருக்க நியாயமான வாய்ப்பு இருந்தது என்றும் காட்ட வேண்டும். முக்கால்வாசிப் பேர் விழுவது இந்த இரண்டாவதில்தான்.

கை நடுக்கம் எனக்கும் இருந்தது. தாளைக் கையில் பிடிக்காமல் மேசைமேல் வைத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

கடனுக்குப் பொதுச்சேவைக் கடன் தள்ளுபடி இருக்கிறது. தகுதியான 120 மாதத் தவணை கட்டினால் மீதிக் கடன் போய்விடும். மத்திய அரசின் நேரடிக் கடனுக்கு மட்டும்தான், கவனம்.

டிரயல் கட்சி:
வசதியில்லாதவருக்கு அரசே வக்கீல் தர வேண்டும் என்று தீர்ப்பு வந்த கிடியன் வழக்கையே பாருங்கள். 1963-இல் உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்ததும் அவரை வீட்டுக்கு அனுப்பிவிடவில்லை. இன்னொரு டிரயல்தான் கிடைத்தது. வக்கீல் இல்லாமல் தோற்ற அதே வழக்கில், உள்ளூர் வக்கீல் ஒருவர் முக்கிய சாட்சியைக் குறுக்கு விசாரணையில் உலுக்கியெடுத்தார். ஜூரி விடுதலை செய்தது.

அப்பீல் என்றால் ஓய்வு என்றும் நினைக்காதீர்கள். 1973-இல் ஒரு தேசிய ஆணையம் சொன்ன உச்சவரம்பு, ஒரு வக்கீலுக்கு வருடத்துக்கு 150 பெருங்குற்ற வழக்குகள் அல்லது 25 அப்பீல்கள். ஒரு அப்பீலுக்கு எவ்வளவு படிக்க வேண்டும் என்று அதிலேயே தெரியும்.

கடைசி வருட மாணவி:
நன்றி. அந்தக் கொள்ளை வழக்கு என்ன ஆயிற்று?

பழைய டிரயல்காரன்:
தோற்றோம். கட்சிக்காரருக்கு விளக்கமாக எழுதினேன். சிறையிலிருந்து பதில் வந்தது: "அந்தக் கோர்ட் அறைக்குப் போய் டேப் வைத்து அளந்து பார்க்கக் கூடாதா?" கூடாது. பதிவில் இல்லாததை அப்பீலில் புதிதாகச் சேர்க்க விடமாட்டார்கள். அதையும் அவருக்கு எழுத வேண்டியிருந்தது.