டன், பி.டி.யு., கிலோகலோரி, கிலோவாட்: காளான் கொட்டகைக்கு எதை வைத்து ஒப்பிடுவது?

கேத்தி விவசாயி:

வணக்கம். உதகைக்கு அருகே எங்கள் நிலத்தில் மொட்டுக் காளான் வளர்க்க ஒரு கொட்டகை கட்டி முடித்திருக்கிறோம். விதை பரவும் நாட்களில் உள்ளே 23 முதல் 25 பாகையும், அறுவடை நாட்களில் 15 முதல் 18 பாகையும் இருக்க வேண்டும். சனவரியில் பொழுது விடியும்போது கூரைத் தகரத்தின் மேல் உறைபனி வெண்மையாகப் படிந்திருக்கும். ஏப்ரல் பகலிலோ உரப் படுக்கையே சூட்டை வெளியிடும். ஆகவே சூடேற்றி, குளிரூட்டி இரண்டுமே தேவை.

குளிரூட்டிக்கு வந்த மூன்று விலைப்புள்ளிகளில் ஒன்று "3 டன்" என்றும், இன்னொன்று "36,000 பி.டி.யு." (பிரிட்டிஷ் வெப்ப அலகு) என்றும், மூன்றாவது "10.5 கிலோவாட்" என்றும் குறிப்பிடுகின்றன. சூடேற்றிக்கு வந்தவற்றில் எரிவாயுவில் இயங்குவது "25,000 கிலோகலோரி", மின்சாரத்தில் இயங்குவது "18 கிலோவாட்". இவற்றில் எது பெரியது, எது சிறியது என்றே எனக்கு விளங்கவில்லை. எங்கள் மின்பணியாளர் 10.5 கிலோவாட் என்பதைப் பார்த்துவிட்டு, அந்தக் குளிரூட்டிக்காகவே கூடுதல் மின்பளு கேட்டு மனு கொடுக்க வேண்டும் என்கிறார். அது சரிதானா?

குன்னூர் குளிர்பதனப் பணியாளர்:

ஐயா, உங்கள் மூன்று குளிரூட்டிகளும் ஒரே திறன் கொண்டவைதாம். 907 கிலோ பனிக்கட்டியை 24 மணி நேரத்தில் உருக்கத் தேவைப்படும் வெப்பத்தை, அதே நேரத்தில் அறையிலிருந்து வெளியேற்றும் திறனையே ஒரு டன் என்கிறோம். பனிக்கட்டியை விற்றுக் குளிரூட்டிய காலத்தின் அளவு அது. ஒரு டன் என்பது மணிக்கு 12,000 பி.டி.யு., அதாவது 3.517 கிலோவாட் அல்லது மணிக்கு 3,024 கிலோகலோரி. ஒரு கிலோவாட் என்பது மணிக்கு 3,412 பி.டி.யு. அல்லது 860 கிலோகலோரி. "மணிக்கு" என்ற சொல்லை விலைப்புள்ளியில் விட்டுவிடுவது வழக்கமாகிவிட்டது. ஆனால் அந்தச் சொல் இல்லாவிட்டால் அது வெப்பத்தின் அளவே தவிர, எந்திரத்தின் திறன் ஆகாது. எல்லாவற்றையும் கிலோவாட்டுக்கு மாற்றி, ஒரே தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மின்பணியாளரின் கணக்கு இங்கே பொருந்தாது. 10.5 கிலோவாட் என்பது அறையிலிருந்து வெளியேறும் வெப்பம். கம்ப்ரசரும் விசிறிகளும் எடுக்கும் மின்சாரம், எந்திரத்தின் மேல் பொருத்திய விவரத் தகட்டில் வேறு வரியில் இருக்கும். இந்த அளவு எந்திரத்துக்கு அது ஏறத்தாழ 3 முதல் 3.5 கிலோவாட். மாறாக, மின் சூடேற்றியின் 18 கிலோவாட் முழுவதும் மின்சாரமே. மும்முனை இணைப்பையும் மின்பளுவையும் பற்றி அவர் கவலைப்பட வேண்டியது அதற்காகத்தான்.

கோத்தகிரி தேயிலைத் தொழிற்சாலைப் பொறியாளர்:

அலகு மாற்றம் சரி. 25,000 கிலோகலோரியை 860-ஆல் வகுத்தால் 29 கிலோவாட் வரும். ஆனால் தகட்டிலுள்ள எண் சமவெளிக்கு உரியது. உதகை சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால், இங்குள்ள காற்று சமவெளிக் காற்றின் எடையில் சுமார் ஐந்தில் நான்கு பங்கே உடையது. விசிறி இல்லாமல் இயற்கை இழுப்பில் காற்றை எடுத்து எரியும் எரிவாயு அடுப்புகளுக்கு ஒவ்வொரு 300 மீட்டருக்கும் சுமார் 4 விழுக்காடு குறைத்துக்கொள்வது பொது வழக்கம். அதன்படி 30 விழுக்காடு கழிந்து, உங்களுக்கு 20 கிலோவாட்தான் நிற்கும். எரிவாயு வரும் துளையை இந்த உயரத்துக்கு ஏற்பச் சிறிதாக்கித் தரச் சொல்லுங்கள். அப்படிச் செய்யாவிட்டால் காற்றுப் போதாமல் சுடர் மஞ்சளாகிக் கரி படியும். கார்பன் மோனாக்சைடும் உண்டாகும். ஆட்கள் உள்ளே நின்று காளான் பறிக்கும் மூடிய கொட்டகை என்பதால், புகைபோக்கி இல்லாத கருவியை தயவுசெய்து வாங்காதீர்கள்.

இன்னொன்றையும் கேளுங்கள்: 25,000 என்பது எரிபொருள் தரும் வெப்பமா, அறைக்குள் வந்து சேரும் வெப்பமா?

குன்னூர் குளிர்பதனப் பணியாளர்:

பொறியாளர் ஐயா சொன்னதைப் படித்ததும் நான் சொல்லாமல் விட்ட ஒன்று நினைவுக்கு வந்தது. வீட்டு ஏசி போன்ற குளிரூட்டிகளின் 3 டன் என்பது, அறைக்குள் 27 பாகையும் வெளியே 35 பாகையும் இருக்கும்போது அளந்தது. வெளிக்குளிர் உங்களுக்குச் சாதகம்தான் என்றாலும், அறையை 16 பாகையில் நிறுத்தும்போது அதே கம்ப்ரசர் தரும் குளிர்ச்சி கணிசமாகக் குறையும். குளிர்பதன அறைகளுக்கென்றே செய்த எந்திரமாக இருந்தால், 16 பாகையில் எத்தனை கிலோவாட் என்று அட்டவணையிலேயே போட்டிருப்பார்கள். அந்த எண்ணை எழுத்தில் வாங்குங்கள்.

கேத்தி விவசாயி:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. இன்று சூடேற்றி விற்பவரிடம் தொலைபேசியில் கேட்டுவிட்டேன். 25,000 என்பது எரிபொருளின் வெப்பமாம். அதில் 80 விழுக்காடே அறைக்குள் வருமாம். அப்படியானால் 20 கிலோவாட்டில் 16 கிலோவாட்தான் எங்களுக்குக் கிடைக்கும். பெரியது என்று நான் எண்ணியிருந்த எரிவாயு சூடேற்றி, மின் சூடேற்றியைவிடச் சிறியது. 16 பாகைக்கான குளிரூட்டித் திறனை விலைப்புள்ளி தந்த மூவரிடமும் எழுத்தில் கேட்டிருக்கிறேன். பதில் வந்ததும் இங்கே பதிவிடுகிறேன்.