திரை அசைவுகளில் எவற்றை விட்டுவைப்பது?

நண்பர்களுக்கு வணக்கம். குடியாத்தத்தில் நான் நடத்தும் சிறிய கணினிப் பயிற்சி வகுப்பில், 4 ஜிபி நினைவகமே கொண்ட பழைய கணினிகள் விண்டோஸ் 10-இல் திணறியதால், ஒளி ஊடுருவும் தோற்றம், நிழல்கள், அசைவுகள் அனைத்தையும் நிறுத்தினேன். வேகம் சற்றுக் கூடியது. ஆனால், சுருக்கிய சாளரம் திரையின் அடியிலுள்ள டாஸ்க்பாரை நோக்கி இறங்குவது கண்ணுக்குத் தெரியாமற்போனதால், முதன்முறையாகக் கணினியைத் தொடும் பீடி சுற்றும் பெண்கள், தட்டச்சு செய்த கடிதமே அழிந்துவிட்டதாக எண்ணிப் பதறுகிறார்கள். அதைக் காண மிகவும் வருத்தமாக உள்ளது. சாளரங்களைச் சுற்றிய, ஒளி ஊடுருவும் கண்ணாடி போன்ற விளிம்புகள் வெறும் அலங்காரம்தான் (2012-இல் விண்டோஸ் 8-இல் மைக்ரோசாஃப்ட்டே அவற்றைக் கைவிட்டது). இந்த அசைவோ வழிகாட்டி என்றே கருதுகிறேன். மீண்டும் இயக்கினால், தலைசுற்றுகிறது என்கிறார் ஒருவர். எந்த விளைவுகளை மட்டும் விட்டுவைக்கலாம், ஒவ்வொருவருக்கும் தனிப் பயனர் கணக்கு அமைத்துக் கொடுப்பது பலன் தருமா என்பதை, புதியவர்களுக்குப் பயிற்றுவித்த அனுபவம் உள்ளவர்கள் தெரிவித்து உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன்.