நோ-கோட் ஆப்பில் பேமென்ட் கேட்வே இணைத்தவர்கள் வாங்க: உங்க அனுபவம் என்ன?

ஈரோட்டு மஞ்சள்

கோடு எழுதாம ஆப் கட்டுற நோ-கோட் வீடியோ எதை எடுத்தாலும், பேமென்ட் பகுதி வந்ததும், ஆன்லைன்ல பணம் வாங்கித் தர்ற ஸ்ட்ரைப்ங்கிற கேட்வேயோட ப்ளக்இன்னைப் (ஆப்போட ஒட்டுற துணை நிரல்) போட்டு, 4242-ன்னு தொடங்குற சோதனைக் கார்டைத் தட்டி, "அவ்ளோதான்"னு முடிச்சிடறாங்க. இந்தியாவுல 2024 மே மாசத்துல இருந்து ஸ்ட்ரைப்ல புதுக் கணக்கு வேணும்னா அழைப்பு இருந்தாத்தான் ஆகும். மசாலாக் கடைக்கு யாருங்க அழைப்பு அனுப்பப் போறாங்க? அதான் நம்ம ஊர் கேட்வேயோட மல்லுக்கட்டின கதையை எல்லாம் ஒரே இடத்துல போடலாம்னு ஆரம்பிக்கிறேன்.

எங்களோடது பபிள்ங்கிற நோ-கோட் கருவியில கட்டின ஆர்டர் ஆப். வெளிச் சேவையோட ஆப்பைப் பேச வைக்கிற ஏபிஐ கனெக்டர் வழியா, ரேசர்பேங்கிற நம்ம ஊர் கேட்வேயை இணைச்சோம். முதல்ல நம்ம பக்கமிருந்து ஒரு ஆர்டர் உருவாக்கணும். தொகை பைசாவுல போகணும், 499 ரூபாய்னா 49900. அந்த ஆர்டர் ஐடியை வச்சு செக்அவுட் பெட்டி திறக்கும். பணம் கட்டினதும் பேமென்ட் ஐடி, ஆர்டர் ஐடி, சிக்னேச்சர் (தகவல் நிஜமான்னு சரிபார்க்கிற குறியீடு) மூணும் நமக்குத் திரும்பி வரும். லேப்டாப்ல எல்லாம் ஜம்முனு ஓடுச்சு.

வாடிக்கையாளர் போன்லதான் வேற கதை. யுபிஐயைத் தட்டினா ஜிபே திறக்கும், பின் போடுவாங்க, காசு போயிடும். அதுக்குள்ள மெமரி கம்மியான போன், பின்னாடி கிடந்த பிரவுசர் பக்கத்தை மூடி வச்சிரும். திரும்பி வந்து பார்த்தா ஆப் முகப்புல நிக்குது. அப்புறம் எங்க அம்மாவுக்கு போன்: "ஏனுங்க, அறுநூத்திச் சொச்சம் போயிருச்சுங்க, ஆர்டரைக் காணோமுங்களே."

ஏன்னா ஆர்டரைப் பதிவு பண்ற வேலை வெற்றிப் பக்கம் திறந்தாத்தான் நடக்கும்னு இருந்துச்சு. வாடிக்கையாளர் அந்தப் பக்கத்துக்கு வந்தே சேரலைன்னா ஆப்புக்கு ஒண்ணும் தெரியாது. பணம் வந்ததைக் கேட்வே நேரா நம்ம சர்வருக்குச் சொல்ற வழி வெப்ஹூக். பபிள்ல பேக்எண்ட் ஒர்க்ஃப்ளோ (சர்வர்ல ஓடுற வேலை வரிசை) ஒண்ணு போட்டு, அதோட முகவரியை ரேசர்பே டேஷ்போர்டுல கொடுத்து, பேமென்ட் கேப்சர்டு (பணம் வந்தாச்சு) நிகழ்வை டிக் பண்ணினோம். ஆர்டர் பதிவை அங்கேயே மாத்தினதுக்கு அப்புறம்தான் அம்மாவோட போன் ஓய்ஞ்சது.

திருப்பூர் பனியன்

வெப்ஹூக் போட்டாச்சுன்னு தூங்கிடாதீங்க. ஒரே செய்தி ரெண்டாவது தடவையும் வரும். நம்ம பக்கம் பதில் சொல்லத் தாமதமானா, போய்ச் சேரலைன்னு நினைச்சு கேட்வே மறுபடி அனுப்பும். நான் ஒரு விடுதிக்கு மெஸ் கட்டண ஆப் செஞ்சு கொடுத்தேன். ஒரு பையன் ஒரே தடவை கட்டினதுக்கு வாட்ஸ்அப்ல ரெண்டு ரசீது. அவன் அடுத்த மாசத்துக்கும் சேர்த்துக் கட்டியாச்சுன்னு வார்டன்கிட்ட வாதாடிக்கிட்டு இருந்தான்! அதனால பதிவு பண்றதுக்கு முன்னாடி அந்த பேமென்ட் ஐடி ஏற்கெனவே நம்ம டேபிள்ல இருக்கான்னு ஒரு தேடல் போட்டே ஆகணும்.

இன்னொரு விஷயம், வெப்ஹூக் முகவரி தெரிஞ்ச எவனும் "பணம் வந்தாச்சு"ன்னு ஒரு பொய்ச் செய்தி அனுப்பலாம். அதுக்குத்தான் கூடவே சிக்னேச்சர் வருது. ரேசர்பேல அது ஹெச்மேக் ஷா-256ங்கிற கணக்கு முறை. வந்த செய்தியை நம்ம ரகசியச் சொல்லோட சேர்த்துக் கணக்குப் போட்டு, வந்த சிக்னேச்சரோட ஒத்துப்போகுதான்னு பார்க்கணும். பல நோ-கோட் கருவியில இந்தக் கணக்கைப் போட பட்டனே இருக்காது. ப்ளக்இன் தேடணும், இல்லைன்னா சின்னதா ஒரு கிளவுட் ஃபங்ஷன் (சர்வர்ல ஓடுற குட்டி நிரல்) எழுதணும். அப்போ "நோ-கோட்"ங்கிற பேர் எதுக்குன்னு கேட்டா என்கிட்ட பதில் இல்லை.

நான் பண்றது வேற மாதிரி. வெப்ஹூக்ல வர்ற எதையும் நம்பறதில்லை. அதுல இருக்கிற பேமென்ட் ஐடியை மட்டும் எடுத்துக்கிட்டு, நம்ம சாவியை வச்சு கேட்வேயோட ஏபிஐகிட்டயே "இந்த ஐடியோட நிலை என்ன, எவ்வளவு தொகை"ன்னு திருப்பிக் கேட்பேன். நிலை 'கேப்சர்டு'ன்னு இருக்கணும், ஆர்டர் ஐடி நம்மளோடதா இருக்கணும், தொகையும் ஆர்டரோட பொருந்தணும். மூணும் சரின்னாத்தான் ரசீது. கூடுதலா ஒரு ஏபிஐ அழைப்பு ஆகும், ஆனா பெரும்பாலான நோ-கோட் கருவியில செய்ய முடியும். தொகையைக் கட்டாயம் பாருங்க. பைசாக் கணக்கு தெரியாம ஒருத்தர் 499-ன்னே அனுப்பி, 4 ரூபாய் 99 பைசாவுக்குக் கோர்ஸ் வித்த கதையெல்லாம் எங்க வட்டாரத்துல உண்டு.

மேற்கு மாம்பலம் கோலம்

நீங்க எல்லாம் ரொம்ப மேலே போயிட்டேள். நான் கேட்வேக்காரா நம்ம அடையாளத்தைச் சரிபார்க்கற கேஒய்சி-யைத் தாண்டவே நாக்கு தள்ளிடுத்து. ஆன்லைன்ல கோலம் வகுப்பு எடுக்கறேன். பான் கார்டு, பேங்க் விவரம் எல்லாம் கொடுத்தும் விண்ணப்பம் திரும்பி வந்துது. காரணம், என் ஆப்புல ரீஃபண்ட் கொள்கை, பிரைவசி கொள்கை, தொடர்பு முகவரி, விதிமுறைகள்னு தனித்தனிப் பக்கம் இல்லையாம். போட்டுக் கழிஞ்ச கோலத்துக்கு என்ன ரீஃபண்ட்? ஆனாலும் எழுதிப் போட்டப்புறம்தான் விட்டா. புதுசா வரவா ஆப்பைக் கட்டறதுக்கு முன்னாடியே இந்தப் பக்கங்களைக் கட்டிடுங்கோ.

கட்டணத்தையும் யோசிச்சுக்கோங்கோ. 2 சதவீதம்னு சொல்லுவா. அந்தக் கட்டணத்து மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு. ஆயிரம் ரூபாய்க்கு 23 ரூபாய் 60 காசு போய், கையில 976.40. அதுவும் உடனே வராது, ரெண்டு வேலை நாள் கழிச்சு.

கடைசியில நான் என்ன பண்ணேன்னா, இணைப்பே வேண்டாம்னு விட்டுட்டேன். டேஷ்போர்டுலேர்ந்து பேமென்ட் லிங்க் உருவாக்கி வாட்ஸ்அப்ல அனுப்பறேன், கட்டினவா பேரைக் கூகுள் ஷீட்ல நானே டிக் பண்றேன். மாசத்துக்கு முப்பது, நாப்பது பேர் சேர்ற வகுப்புக்கு இது போறும்.

ஈரோட்டு மஞ்சள்

நூத்துக்கு நூறு உண்மைங்க மாமி. முதல் வருஷம் நாங்களும் அப்படித்தான் ஓட்டினோம்.

யாழ்ப்பாணத் தையல்

எங்கட இலங்கைப் பக்கம் ஸ்ட்ரைப் இல்லை. பேபால்ல காசு அனுப்பலாம், வாங்கேலாது. அதால நான் பேஹியர் எண்ட உள்ளூர்க் கேட்வேதான் பாவிக்கிறன். அங்கயும் இதே கதைதான். வாடிக்கையாளர் திரும்பி வாற முகவரியில காசு கட்டுப்பட்டதோ இல்லையோ எண்ட தகவல் ஒண்டும் வராது. அது தனியா நோட்டிஃபை முகவரிக்குத்தான் வரும். நிலை எண் 2 எண்டால் கட்டியாச்சு, 0 எண்டால் இன்னும் முடியேல்லை, கழித்தல் 1 எண்டால் ஆளே ரத்துச் செய்திட்டார்.

என்னைக் கனக்கத் திணறடிச்சது ஹாஷ்தான், அதுதான் தகவலைச் சரிபார்க்கிற குறியீடு, எம்டி5 எண்ட முறையில எடுக்கிறது. கடை எண், ஓடர் எண், தொகை, நாணயம், பிறகு ரகசியச் சொல்லின்ர எம்டி5, எல்லாத்தையும் ஒட்டித் திரும்பவும் எம்டி5 எடுக்கவேணும். தொகையை 1000 எண்டு குடுத்தால் ஒத்துவராது, 1000.00 எண்டு ரெண்டு தசமத்தோடதான் குடுக்கவேணும். என்ர ஆப்பில சட்டை விலை எல்லாம் முழு எண்ணாக் கிடந்தது. பிழை எங்க எண்டு தேடித் தேடியே ஒரு கிழமை போச்சுது.

வேலூர் ஃப்ரீலான்ஸ்

மத்தவங்க கட்டின ஆப்பைச் சரி பண்றதுதான் என் பொழப்பு. அடிக்கடி பாக்கறது, ஹெச்டிஎம்எல் பெட்டிக்குள்ளயே கேட்வேயோட ரகசியச் சாவியை (சீக்ரெட்) ஒட்டி வச்சிருப்பாங்க. பிரவுசர்ல பக்கத்தோட சோர்ஸைத் திறந்தா யார் வேணும்னாலும் படிக்கலாம். கீ ஐடி வெளியே தெரியலாம், சீக்ரெட் தெரியக்கூடாது. பபிள் ஏபிஐ கனெக்டர்ல ஒவ்வொரு அளவுருவுக்குப் பக்கத்துலயும் 'பிரைவேட்'னு ஒரு டிக் பெட்டி இருக்கு, அது எதுக்குன்னு பாதிப் பேருக்குத் தெரியாது. சாவி ஒருதடவை வெளியே போயிருந்தா மறைச்சுப் பிரயோஜனம் இல்லை, டேஷ்போர்டுல புதுசு எடுத்துட்டுப் பழசைச் செல்லாததாக்கிடணும்.

ஃப்ளட்டர்ஃப்ளோங்கிற நோ-கோட் கருவி ஆளுங்களுக்கு ஒரு வார்த்தை. அதுல ரேசர்பே உள்ளேயே இருக்கு, ஆனா பின்னாடி கூகுளோட ஃபயர்பேஸ்ல கிளவுட் ஃபங்ஷன் ஓடும். அதுக்கு ப்ளேஸ்ங்கிற, பயன்படுத்துற அளவுக்குக் காசு பிடிக்கிற திட்டம் வேணும், கார்டு கொடுக்கணும். இலவசம்னு சொல்லி கிளையண்டுகிட்ட மாட்டிக்காதீங்க.

புதுசு 2

நான் சோதனை முறையில எல்லாம் முடிச்சுட்டேன். நாளைக்கு லைவ் போறேன். வேற எதாவது மாத்தணுமா?

ஈரோட்டு மஞ்சள்

லைவ் சாவி தனி, அதைப் போடுங்க. வெப்ஹூக்கும் தனிதான். சோதனை முறையில வச்சது லைவுக்குத் தானா வராது, டேஷ்போர்டுல லைவுக்கு மாறி இன்னொரு தடவை சேர்க்கணும். பபிள்னா அந்த முகவரிக்கு நடுவுல 'வெர்ஷன்-டெஸ்ட்'னு ஒரு துண்டு இருக்கும், கடைசியில 'இனிஷியலைஸ்'னு ஒட்டியிருக்கும், ரெண்டையும் எடுத்துடுங்க. அப்புறம் உங்க போன்லயே, வைஃபையை அணைச்சுட்டு, ஒரு ரூபாய்க்கு ஒரு ஆர்டர் போடுங்க. ஜிபேல பின் போட்டதும் ஆப்புக்குத் திரும்பாம பிரவுசரை மூடிடுங்க. ஆர்டர் வந்து விழுந்துச்சுன்னா தைரியமா லிங்க்கை அனுப்பலாம். அந்த ஒரு ரூபாயை ரீஃபண்ட் போட்டும் பாத்துடுங்க, பிடிச்ச கட்டணம் மட்டும் திரும்பாது.