பாமிர் நெடுஞ்சாலை: எந்தப் பக்கமிருந்து ஏறுவது?

வணக்கம் நண்பர்களே. செப்டம்பரில் நானும் அக்காவும் தஜிகிஸ்தானின் பாமிர் மலைப்பகுதிக்குப் போகிறோம். விண்கல் விழுந்த பள்ளத்தில் நீர் நிறைந்து உருவான கராகுல் ஏரியைக் கரையில் நின்று பார்க்க வேண்டும் என்பது எங்கள் பல வருட ஆசை.

குழப்பம் இதுதான். கிர்கிஸ்தானின் ஓஷ் நகரிலிருந்து கிளம்பினால் வழி சுருக்கம். ஆனால் ஓஷ் 1,000 மீட்டர்கூட இல்லை, கராகுலோ 3,900 மீட்டருக்கு மேல். ஒரே நாளில் அவ்வளவு உயரம் ஏறுவது எனக்குப் பயமாக இருக்கிறது. முன்பு வேறொரு மலையில் அவசரப்பட்டு ஏறி, அக்கா இரவு முழுக்கத் தலையைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். விடியும்வரை, ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவைக் காட்டும் ஆக்ஸிமீட்டரை அவள் விரலில் மாட்டி மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதை மறக்க முடியவில்லை.

தஜிகிஸ்தான் தலைநகர் துஷான்பேயிலிருந்து வந்தால், வழியில் கோரோக் ஊர் சுமார் 2,100 மீட்டர், முர்காப் ஊர் 3,600 மீட்டர் என்று படிப்படியாக உடம்பு பழகும். அப்புறம்தான் 4,655 மீட்டர் அக்-பைதால் கணவாய். நாள் கூடினாலும் இதுவே சரி என்று தோன்றுகிறது.

இந்த வழியில் போனவர்கள் சொல்லுங்கள்: கோரோக்கிலும் முர்காபிலும் எத்தனை இரவு தங்கினீர்கள்? செப்டம்பர் கடைசியில் கராகுல் கிராமத்து வீடுகளில் தங்க இடம் கிடைக்குமா? இடையில் உடம்பு முடியாமல் போனால், உடனே கீழே இறங்க வண்டிக்கு என்ன வழி? இந்தக் கடைசிக் கேள்விக்காவது அவசியம் பதில் சொல்லுங்கள்.