அடிமனை கோயிலுடையது, கட்டடம் குடியிருப்பவருடையது: டெல்டாவில் வீடு வாங்கும்போது பார்த்தவை

ஆவண எழுத்தர், கும்பகோணம்

சன்னதித் தெரு, மடவிளாகம், நாலு வீதி என்று முகவரி சொன்னாலே முதலில் கேட்க வேண்டியது அடிமனை யாருடையது என்பதைத்தான். தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறைப் பக்கம் பல தெருக்களில் தரை கோயிலுக்கோ ஆதீனத்துக்கோ சொந்தம். மேலே இருக்கும் வீடு தாத்தா காலத்தில் குடியிருப்பவர் கட்டியது. வீட்டு வரி, மின் இணைப்பு, குடிநீர் மூன்றும் குடியிருப்பவர் பேரிலேயே இருக்கும். இதைக் காட்டித்தான் சொந்த வீடு என்று விலை பேசுகிறார்கள். நகராட்சி வரி போடுவது கட்டடத்துக்கு. நிலத்தின் உரிமையை அந்த ரசீது சொல்லாது.

வாங்குபவர்கள் ஏமாறும் இடம் வில்லங்கச் சான்று (ஈ.சி.), அதாவது சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானங்களைக் காட்டும் சான்று. 30 வருஷத்துக்குப் போட்டுப் பார்த்து ஒரு பதிவும் வரவில்லை என்றால் ‘வில்லங்கமே இல்லை’ என்று சந்தோஷப்படுகிறார்கள். கோயில் மனை விற்கப்படுவதே இல்லை, அதனால்தான் பதிவு வரவில்லை. பழைய தெருவில் வெறுமையாக வரும் ஈ.சி. எச்சரிக்கை மணி என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து அ-பதிவேடு, அதாவது எந்த நிலம் யார் பெயரில் என்று சொல்லும் வருவாய்த் துறைப் பதிவேடு. கிராமம் என்றால் சர்வே எண்ணும் உட்பிரிவும் போதும். நகரம் என்றால் வார்டு, பிளாக், நகர சர்வே எண் மூன்றும் வேண்டும். பட்டாதாரர் பெயரில் சுவாமி பெயரோ தேவஸ்தானமோ மடமோ இருந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். தனி ஆள் பெயர் இருந்தாலும் முடிந்துவிட்டதாக நினைக்கக் கூடாது. பழைய பதிவேட்டில் ‘இன்ன சுவாமிக்காக தர்மகர்த்தா இன்னார்’ என்று இருக்கும். 1980-களில் நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த யு.டி.ஆர். திட்டத்தில் பட்டா எழுதும்போது சுவாமியும் தர்மகர்த்தாவும் விடுபட்டு, அந்த ஆளின் பெயர் மட்டும் நின்றுபோன இடங்கள் உண்டு. அவருடைய பேரன் மனப்பூர்வமாகத் தன் சொத்து என்று நம்பியே விற்க வருவார். யு.டி.ஆருக்கு முந்தைய பதிவேட்டு நகலும், இனாம் (மானியமாகக் கொடுத்த) நிலமாக இருந்திருந்தால் இனாம் பதிவேட்டு நகலும் வாங்கி ஒப்பிட்டால்தான் இது பிடிபடும். இதற்கு மனுப்போட்டுக் காத்திருக்கச் சலிக்கவே கூடாது.

வழக்கறிஞர், மயிலாடுதுறை

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், பாதிப் பேர் பழைய காலத்துச் சட்டத்தை நம்பி இருக்கிறார்கள்.

இந்து சமய அறநிலையத் துறைச் சட்டம் 1959, பிரிவு 34: கோயில் நிலத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ பரிவர்த்தனை செய்யவோ 5 வருஷத்துக்கு மேல் குத்தகைக்கு விடவோ ஆணையர் அனுமதி வேண்டும். இல்லாவிட்டால் ஆவணம் செல்லாது. இது கோயில் பெயரில் உள்ள நிலத்துக்கு மட்டும் இல்லை, கோயில் காரியத்துக்காக எழுதி வைத்த கட்டளைச் சொத்துக்கும் உண்டு. ஆனால் குடும்பச் சொத்திலிருந்து வருஷம் ஒரு நாள் உற்சவச் செலவு மட்டும் செய்ய வேண்டும் என்று எழுதியிருந்தால் கதை வேறு. அங்கே சொத்து குடும்பத்தினுடையதாகவே இருக்கலாம், தர்மப் பொறுப்பு மட்டும் சொத்தோடு போகும். எனவே மூல உயிலையோ தர்ம சாசனத்தையோ வரி விடாமல் படிக்காமல் எந்தப் பக்கமும் சொல்லக் கூடாது.

‘50 வருஷமாக இருக்கிறோம், அனுபோக பாத்தியம் வந்துவிட்டது’ என்பது நிற்காது. கோயில் சொத்தை மீட்பதற்குக் காலவரையறைச் சட்டம் பொருந்தாது என்று அதே சட்டத்தின் பிரிவு 109 சொல்கிறது. ‘அடிமனையை எங்களுக்கே விற்கச் சொல்லி கோர்ட்டுக்குப் போகலாம்’ என்பது இன்னொன்று. 1921-ஆம் வருஷத்து நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டத்தில் அந்த வழி இருந்தது. 1996 திருத்தத்தில் சமய நிறுவனங்களின் நிலத்தை அந்தச் சட்டத்திலிருந்தே எடுத்துவிட்டார்கள்.

குத்தகை முடிந்தாலோ ரத்தானாலோ குடியிருப்பவர் ஆக்கிரமிப்பாளர் கணக்கில் வந்துவிடுவார், பிரிவு 78-இல் நடவடிக்கை வரும். ஆகவே ‘கட்டடம் மட்டும் கிரயம், அடிமனை நீங்கலாக’ என்று முத்திரைத்தாளில் எழுதி முழுப் பணத்தையும் கொடுப்பது மிக ஆபத்தானது. விற்றவர் பெயரில்தான் கோயில் கணக்கு தொடரும். அனுமதி இல்லாமல் கைமாற்றியதையே காரணமாக வைத்து அவருடைய குத்தகையை ரத்து செய்தால் வாங்கியவர் பிடித்து நிற்க ஒன்றும் இல்லை. செய்வதானால் இப்படிச் செய்யுங்கள்: விற்பவரும் வாங்குபவரும் சேர்ந்து கோயிலின் செயல் அலுவலரிடம் பெயர் மாற்ற மனு கொடுத்து, எழுத்துப்பூர்வ உத்தரவு வந்து, புதிய பெயரில் முதல் வாடகை ரசீது கிடைத்த பிறகு மட்டும் மீதிப் பணம்.

வாடகை வசூல் அனுபவம் உள்ளவர், திருவாரூர் மாவட்டம்

வாரிசுகள் செய்யும் தவறு ஒன்று உண்டு. அப்பா இறந்து 20 வருஷம் ஆகியும் அவர் பெயரிலேயே ரசீது வாங்கிக்கொண்டிருப்பார்கள். பெயர் மாற்றத்துக்கு இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம், நிலுவை இல்லாத ரசீது, மனையின் அளவு போட்ட வரைபடம் எல்லாம் தேவைப்படும். தாமதிக்கத் தாமதிக்க வாரிசுகள் பெருகுவார்கள், வெளிநாட்டில் இருக்கும் ஒருவர் கையெழுத்துக்காக மொத்தமும் நின்றுவிடும்.

பழைய ரசீதில் பசலி ஆண்டுதான் (ஜூலையில் தொடங்கும் வருவாய்க் கணக்கு ஆண்டு) போட்டிருக்கும். பசலி 1400 என்றால் 1990 ஜூலை முதல் 1991 ஜூன் வரை. 590-ஐக் கூட்டினால் பசலி தொடங்கும் வருஷம் வரும். இது தெரியாமல் கட்டிய வருஷத்துக்கே மறுபடி நிலுவை கட்டியவர்கள் இருக்கிறார்கள்.

நியாய வாடகை நோட்டீஸ் வந்தால் கோபப்பட்டு வாடகை கட்டுவதையே நிறுத்திவிடாதீர்கள். நிலுவைதான் குத்தகை ரத்துக்கு முதல் காரணம். வாடகையை இணை ஆணையர், கோயில் நிர்வாகம், மாவட்டப் பதிவாளர் அடங்கிய குழு நிர்ணயிக்கிறது, 3 வருஷத்துக்கு ஒருமுறை மாற்றலாம். உத்தரவு கைக்கு வந்த 30 நாளுக்குள் ஆணையரிடம் மேல்முறையீடு செய்யலாம். அதுவரை பழைய தொகையையாவது ஆட்சேபணைக் கடிதத்தோடு கட்டி ரசீது வைத்திருங்கள்.

நோட்டீஸில் தொகையைப் பார்க்கும் முன் பரப்பளவைப் பாருங்கள். பழைய சீட்டில் 20 குழி என்று இருக்கும். 12 அடிக் கோலுக்கு ஒரு குழி 144 சதுர அடி, ஆக 2,880 சதுர அடி. 24 அடி முகப்பு, திண்ணையிலிருந்து கொல்லைக் கடைசி வரை 120 அடி நீளம். கொல்லையில் வாய்க்கால் கரையையோ பின்வீட்டுப் பாதையையோ சேர்த்து அளந்திருந்தால் வாடகை மூன்று வருஷமும் கூடுதலாகவே ஓடும். பழைய சீட்டில் உள்ள அளவைக் கையில் வைத்துக்கொண்டு, இரு தரப்பும் இருக்க அளக்கும் கூட்டு அளவீடு கேளுங்கள்.

ஆவண எழுத்தர், கும்பகோணம்

எதிர்ப் பக்கத்தையும் சொல்ல வேண்டும். உண்மையிலேயே சொந்த மனையாக இருந்தும் பத்திரம் பதிய முடியாமல் தவிப்பவர்கள் உண்டு. ஒரு சர்வே எண்ணில் ஓர் உட்பிரிவு மட்டும் கோயிலுடையதாக இருக்க, எண் முழுவதையும் பத்திரம் பதியக் கூடாத தடைப் பட்டியலில் சேர்த்திருப்பார்கள். வழிகாட்டி மதிப்பு (பதிவுக்காக அரசு வைக்கும் நில மதிப்பு) பூஜ்யம் என்று வரும். சார்பதிவாளர் பதிவுச் சட்டம் 22-ஏ பிரிவைக் காட்டித் திருப்பிவிடுவார். அவரிடம் வாதாடிப் பலன் இல்லை, நிறுத்தச் சொன்னது சட்டம்.

உட்பிரிவு தெளிவாகத் தெரியும் புல வரைபடம், அ-பதிவேடு, மூலப் பத்திரம் முதல் தொடர்ச்சியான தாய்ப் பத்திரங்கள், பழைய பதிவேட்டு நகல் இவற்றைக் கட்டாகக் கட்டி அறநிலையத் துறை இணை ஆணையரிடம் தடையின்மைச் சான்று கேட்க வேண்டும். செக்குபந்தியில் (நாலு எல்லை விவரத்தில்) ‘கோயில் மனைக்குக் கிழக்கு’ என்று பழைய பத்திரத்திலேயே இருந்தால் அதை அடிக்கோடிட்டு வையுங்கள். பக்கத்து மனைதான் கோயிலுடையது, இது இல்லை என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடைப்பது அரிது. இந்தச் சான்று கைக்கு வரும்வரை முன்பணம் வாங்காதீர்கள். வாங்கினாலும் ஒப்பந்தத்தில் ‘சான்று கிடைக்காவிடில் முன்பணம் திருப்பித் தரப்படும்’ என்று தேதியோடு எழுதுங்கள்.