உபுண்டு 22.04 சர்வரில் பைதான் 3.8, 3.12 இரண்டும் ஓட வேண்டும்

கேள்வி:
பழைய ஆப் 3.8-இல்தான் ஓடும், புதியதற்கு 3.12 வேண்டும். உபுண்டுவோடு வந்தது 3.10. அப்டேட்-ஆல்டர்னேட்டிவ்ஸ் (ஒரு கட்டளைப் பெயர் எந்த வெர்ஷனைக் குறிக்கும் என்று மாற்றும் கருவி) கொடுத்து பைதான்3 என்ற பெயரை 3.12-க்குத் திருப்பினேன். இப்போது ஆட்-ஆப்ட்-ரெப்பாசிட்டரி (மென்பொருள் களஞ்சியம் சேர்க்கும் கட்டளை) கொடுத்தால் ஆப்ட்_பிகேஜி மாட்யூல் இல்லை என்று பிழை வருகிறது. என்ன செய்வது?

பதில் 1:
ஆப்ட்_பிகேஜி என்பது 3.10-க்கென்றே கம்பைல் செய்த சி மாட்யூல். 3.12 அதை ஏற்காது. பிப் (பைதான் பேக்கேஜ்களை நிறுவும் கருவி) வைத்து அதை நிறுவப் பார்க்காதீர்கள், அது வேறு சிக்கலில் இழுத்துவிடும். ஆல்டர்னேட்டிவ்ஸ் பதிவை நீக்குங்கள். ரிமூவ்-ஆல் கொடுத்தால் பைதான்3 இணைப்பும் சேர்ந்தே போய்விடும். உடனே எல்என் -எஸ் கொடுத்து அதை மறுபடி 3.10-க்குக் கட்டிவிடுங்கள். சிஸ்டத்தின் பைதான் உங்களுடையது அல்ல, உபுண்டுவுடையது.

பதில் 2:
மற்ற வெர்ஷன்களைத் தனியே வையுங்கள். சோர்ஸை இறக்கி, கான்ஃபிகரில் பிரிஃபிக்ஸாக (நிறுவும் இடமாக) /opt டைரக்டரிக்குள் வெர்ஷனுக்கு ஒரு ஃபோல்டர் கொடுத்து, மேக், பிறகு மேக் ஆல்ட்இன்ஸ்டால். பிரிஃபிக்ஸ் இல்லாமல் வெறும் மேக் இன்ஸ்டால் அடித்தால் யூஎஸ்ஆர்/லோக்கல்/பின்னில் இன்னொரு பைதான்3 உட்கார்ந்துகொள்ளும். என்வி (பாத், அதாவது நிரல்களைத் தேடும் ஃபோல்டர் பட்டியலில், முதலில் கிடைப்பதை ஓட்டும் கட்டளை) வழியாகத் தேடும் ஸ்கிரிப்ட் எல்லாம் அதைத்தான் பிடிக்கும்.

கம்பைலுக்கு முன் எஸ்எஸ்எல், எஃப்எஃப்ஐ, இசட்லிப், எஸ்க்யூலைட் ஆகியவற்றின் டெவ் பேக்கேஜ்கள் (கம்பைலுக்குத் தேவையான ஃபைல்கள்) இருக்க வேண்டும். இசட்லிப் இல்லையென்றால் இன்ஸ்டால் கடைசிக் கட்டத்தில் நின்றுவிடும், பிழை அங்கேயே தெரிவதால் அது பரவாயில்லை. எஸ்எஸ்எல் இல்லாததுதான் தொல்லை: எல்லாம் முடிந்ததுபோலவே இருக்கும், பிப் மட்டும் எதையும் இறக்காது. டெவ் பேக்கேஜைப் போட்டு மறுபடி கம்பைல் செய்வதுதான் வழி.

பிறகு ஒவ்வொரு ஆப்புக்கும் அதற்குரிய பைதானை முழுப் பாதையோடு அழைத்து வென்வ் (ஆப்புக்கென்று தனிப் பைதான் சூழல்) உருவாக்குங்கள். வென்வை அப்புறம் இடம் மாற்றக்கூடாது. அதற்குள் இருக்கும் பிப், குனிகார்ன் (பைதான் வெப் ஆப்பை ஓட்டும் சர்வர்) ஆகியவற்றின் முதல் வரியில் பழைய பாதைதான் எழுதியிருக்கும்.

கேட்டவர்:
சரியாகிவிட்டது, நன்றி. பைஎன்வ் (பல பைதான் வெர்ஷன்களை நிர்வகிக்கும் கருவி) போட்டால் இந்தக் கம்பைல் வேலை மிச்சமாகாதா?

பதில் 2:
கம்பைலை அதுவே செய்யும், ஆனால் அந்த டெவ் பேக்கேஜ்கள் அதற்கும் வேண்டும். மேலும் அதன் ஷிம்கள் (சரியான வெர்ஷனுக்குத் திருப்பிவிடும் சிறு ஸ்கிரிப்டுகள்) பாத்தில் சேர்வது டெர்மினல் திறக்கும்போது படிக்கப்படும் பாஷ்ஆர்சி மூலம். க்ரானும் (நேரம் வைத்து வேலைகளை ஓட்டுவது) சிஸ்டம்டியும் (சர்வீஸ்களை ஓட்டுவது) அதைப் படிப்பதில்லை. டெர்மினலில் 3.12 ஓடும், க்ரானில் 3.10 ஓடும். சிஸ்டம்டி யூனிட்டின் எக்ஸெக்ஸ்டார்ட் வரியில் வென்வுக்குள் இருக்கும் குனிகார்னின் முழுப் பாதையை எழுதினால் போதும், ஆக்டிவேட் தேவையே இல்லை.

பதில் 3:
அப்பாச்சி வெப் சர்வரில் மாட்_டபிள்யூஎஸ்ஜிஐ (பைதான் ஆப்பை அப்பாச்சிக்குள்ளேயே ஓட்டும் மாட்யூல்) வைத்திருந்தால் இப்படி இரண்டு பைதான்களை ஓட்ட முடியாது. அது எந்தப் பைதானுக்குக் கம்பைல் ஆனதோ அந்த ஒன்றுதான் அந்த அப்பாச்சி முழுவதுக்கும். ஆப்புக்கு ஒரு குனிகார்ன், ஆளுக்கொரு சாக்கெட், முன்னால் கோரிக்கைகளை வாங்கி அனுப்ப என்ஜின்எக்ஸ் என்று வையுங்கள். 3.8-க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2024 அக்டோபரோடு நின்றுவிட்டன. அந்த ஆப்பைத் தனி யூசரின் கீழ் ஓட விடுங்கள்.