அலெக் கின்னஸ்: எட்டு வேடமா, ஒன்பதா?

பழையரீல்:
பக்கத்துத் திரியில் மேடைமணி போகிறபோக்கில் ஒரு வரி போட்டிருக்கிறார்: "1949-ல் வந்த கைண்ட் ஹார்ட்ஸ் அண்ட் கோரோனெட்ஸ் படத்தில் பிரிட்டிஷ் நடிகர் அலெக் கின்னஸுக்கு எட்டு வேடம்." கீழே வரிசையாக ஆமாம் சாமி. எட்டு இல்லை ஐயா, ஒன்பது. எவனோ எழுதியதைப் பார்த்து எவனோ எழுதுகிறான், ஒருவரும் படத்தின் தொடக்கத்தை ஒழுங்காகப் பார்ப்பதில்லை. டியூக் என்ற பிரபுப் பட்டத்துக்காகச் சொந்தக்காரர்களை ஒவ்வொருவராகத் தீர்த்துக்கட்டுகிற கதை அது, அந்தச் சொந்தக்காரர்கள் எல்லாம் கின்னஸ். கதாநாயகன் லூயியின் அம்மா இத்தாலியப் பாடகரோடு ஓடிப்போன கதையைச் சொல்லும் இடத்தில் ஒரு கிழவர் வருகிறாரே, அம்மாவைப் பெற்றவர், ஏழாவது டியூக்? அவரும் கின்னஸ்தான். எண்ணத் தெரிந்தவர்கள் எண்ணிக்கொள்ளலாம்.

நவராத்திரி, தசாவதாரம் என்று யாரும் இங்கே வர வேண்டாம். பேச்சு லண்டன் ஈலிங் ஸ்டுடியோ எடுத்த இந்தப் படத்தைப் பற்றி.

மேடைமணி:
பேரைச் சொல்லிக் கூப்பிட்ட பிறகு வராமல் இருக்க முடியுமா. எண்ணித்தான் எழுதினேன் சார். டியூக், பாங்கர், பாதிரியார், ஜெனரல், அட்மிரல், இளம் அஸ்காய்ன், இளம் ஹென்றி, லேடி அகதா. விரல் விட்டு எண்ணுங்கள், எட்டு. நடிகர் பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே இருப்பதும் இந்த எட்டுதான். முதலில் நாலு வேடத்துக்குத்தான் அவரைக் கேட்டார்கள். திரைக்கதையைப் படித்துவிட்டு நாலு என்ன, எட்டையும் நானே செய்கிறேன் என்றவர் கின்னஸ். நடித்த மனுஷனே எட்டு என்கிறார், ஒன்பதாவதைச் சேர்க்க நீங்கள் யார்?

பழையரீல்:
பேரம் பேசும்போது சொன்னது எட்டு. கேமரா முன்னால் நின்றது ஒன்பது. இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல்தான் போன தடவை லண்டன் ஓல்ட் விக் நாடக அரங்கு பற்றிய திரியிலும் அப்படி மாட்டிக்கொண்டீர்கள்.

பட்டியலை நம்புகிறவர்களுக்கு ஒரு தகவல். தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் க்வாய் படம் அவருக்குச் சிறந்த நடிகர் ஆஸ்கர் வாங்கிக் கொடுத்தது. அந்தப் படத்தின் பெயர்ப் பட்டியலில் அவர் பெயரிலேயே ஒரு 'என்' எழுத்தை முழுங்கிவிட்டார்கள். திரைக்கதை பியர் பூல் என்று போட்டார்கள். அவர் மூல நாவலை எழுதிய பிரெஞ்சுக்காரர். திரைக்கதை எழுதியது கம்யூனிஸ்ட் என்று வேலை மறுக்கப்பட்டு ஹாலிவுட் கறுப்புப் பட்டியலில் இருந்த மைக்கேல் வில்சனும் கார்ல் ஃபோர்மனும். ஆஸ்கரும் பூல் பெயருக்கே போய், 1984-ல்தான் சரிசெய்தார்கள். பட்டியல் வேதவாக்கா?

ஒன்பது.

ஃபிரேம்24:
தேவாலயக் காட்சியை எடுத்துக்கொண்டால் சண்டையே இல்லை. ஹென்றிக்கு நடக்கும் அஞ்சலிப் பிரார்த்தனையில் ஒரே ஷாட்டில் ஆறு கின்னஸ். இளம் அஸ்காய்ன் அதற்கு முன்பே படகோடு தடுப்பணையில் போய்விட்டான், ஹென்றி இருட்டறையில் வெடித்துச் செத்தான். ஆறும் இரண்டும் எட்டு.

எடுத்த விதம் தெரியாதவர்களுக்கு: ஒளிப்பதிவாளர் டக்ளஸ் ஸ்லோகோம்ப் கேமராவை அசையாமல் பூட்டிவிட்டார். லென்ஸுக்கு முன்னால் ஒரு சட்டம், அதில் கறுப்பு மறைப்புகள். ஒரு வேடத்துக்குரிய ஜன்னலை மட்டும் திறந்து எடுப்பார். பிறகு அதை மூடி, ஃபிலிமைத் தொடக்கக் குறிக்குத் திருப்பிச் சுற்றுவார். கின்னஸ் போய் மேக்கப், விக், உடுப்பு எல்லாம் மாற்றிக்கொண்டு அடுத்த இடத்தில் வந்து உட்காருவார். அடுத்த ஜன்னல் திறக்கும். 35 எம்எம்மில் அடிக்கு 16 ஃபிரேம், நொடிக்கு 24. பத்து நொடி ஷாட் என்றால் 240 ஃபிரேம், 15 அடி. திருப்பிச் சுற்றும்போது எண்ணிக்கை பிசகினால் ஒருவர் தலை திருப்பும் நேரமும் இன்னொருவர் அவரைப் பார்க்கும் நேரமும் ஒட்டாது. கேமரா மயிரிழை நகர்ந்தாலும் பின்னால் இருக்கும் தூண் உடைந்து தெரியும். வேலை ஒரே நாளில் முடியவில்லை. ராத்திரி யாராவது இடித்துவிடுவார்களோ என்று ஸ்லோகோம்ப் ஸ்டுடியோவிலேயே கேமராவுக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டார்.

பழையரீல்:
பாதி சொல்லிவிட்டு மீதியை விட்டால் எப்படி தம்பி. எல்லாமே கேமராவுக்குள்ளேயே, ஒரே நெகடிவில். லேபில் பிறகு ஒட்டிக்கொள்ளும் வேலை இல்லை. அதனால் ஐந்து வேடம் பிரமாதமாக வந்து ஆறாவதில் சொதப்பினால் அந்த ஐந்தும் குப்பை. மறைப்பின் ஓரம் இன்னொரு தலைவலி. லென்ஸுக்கு மிக அருகில் வைத்தால் ஓரம் மங்கிப்போகும். கூர்மையாக வேண்டுமென்றால் லென்ஸின் திறப்பை, அதாவது அப்பர்ச்சரைச் சுருக்க வேண்டும், சுருக்கினால் வெளிச்சத்தைக் கூட்ட வேண்டும். இரண்டு ஜன்னலின் ஓரமும் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் அந்த இடம் இரண்டு தடவை பதிந்து வெள்ளைக் கோடு, இடைவெளி விட்டால் கறுப்புக் கோடு. இந்த மாதிரி ஷாட்டில் கோட்டைத் தூணிலோ இருக்கை ஓரத்திலோ ஒளித்துவைப்பதுதான் வழக்கம். கோட்டைத் தாண்டி யாராவது கையை நீட்டினால் கை துண்டாகத் தெரியும். அந்த ஆறு பேரும் எவ்வளவு அடக்கமாக இருக்கிறார்கள் என்று போய்ப் பாருங்கள். எல்லாம் பக்தி என்று நினைத்தீர்களா?

இத்தனையும் தெரிந்த உங்களுக்கு ஒன்று மட்டும் எப்படித் தெரியாமல் போனது? ஏழாவது டியூக் அந்தப் பிரார்த்தனைக்கு எப்படி வருவார்? அவர் செத்து, எட்டாவது டியூக் அங்கே உட்கார்ந்திருக்கிறார். சாவு வீட்டில் வருகைப்பதிவு எடுத்து வேடக் கணக்குப் போடுகிற ஆளை இன்றைக்குத்தான் பார்க்கிறேன். ஒன்பது.

சனிக்கிழமைஷோ:
ஒன்பதாவது டியூக் அந்த பாங்கர்தானே? அதை யாரோ தப்பாகப் படித்து ஒன்பதாவது வேடம் ஆக்கிவிட்டார்களோ?

பழையரீல்:
ஈஸ்வரா. எட்டாவது டியூக் எதல்ரெட் பொறியில் மாட்டிக் குண்டடி பட்டுச் சாகிறார். பட்டம் பாங்கருக்குப் போகிறது. டியூக் ஆகிவிட்டோம் என்று கேட்ட அதிர்ச்சியிலேயே பாங்கர் போய்ச் சேர்கிறார். அதனால் லூயி பத்தாவது டியூக். பட்ட எண் வேறு, வேட எண் வேறு. உங்கள் கணக்கில் பார்த்தால் லூயியாக நடித்த டென்னிஸ் பிரைஸ் பத்தாவது வேடம் ஆகிவிடுவார்.

இன்னொன்றும் சொல்லிவைக்கிறேன், பிறகு அதையும் குழப்புவீர்கள். லூயி கொன்றது ஆறு பேரை. பாங்கர் தானாகச் செத்தார், அட்மிரல் கப்பலை மோதவிட்டு அதோடு முழுகினார். தேவாலயத்தில் இருந்த ஆறும் கொலையான ஆறும் ஒரே ஆறு இல்லை.

மேடைமணி:
கேட்டதற்குப் பதில் வரவில்லை, பாடம் மட்டும் வருகிறது. சில நொடி தலைகாட்டுவது வேடமா? பேன் பார்க்கிற மாதிரி ஃபிரேம் ஃபிரேமாகத் துழாவினால் எந்தப் படத்திலும் கூடுதலாக ஒன்று கிடைக்கும். அட்மிரலுக்கு உடம்பு முழுக்க ஒரு விறைப்பு, பாதிரியாருக்குத் தொணதொணப்பு, லேடி அகதாவுக்குத் தாடையைத் தூக்கி நடக்கிற நடை. இதெல்லாம் வேடம். இந்தத் திறமை மேடையில் வந்தது. 1934-ல் நாடக இயக்குநர் கீல்குட் ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டில் அவருக்கு ஆஸ்ரிக் என்ற சின்ன வேடம் கொடுத்தார். 1938-ல் இயக்குநர் டைரோன் கத்ரி ஓல்ட் விக்கில் வெட்டாத முழு ஹாம்லெட்டை நவீன உடையில் போட்டபோது தலைப்பு வேடமே இவருக்கு. அப்போது வயது 24. சினிமாக்காரர்களுக்கு இது புரியாது. எட்டு.

பழையரீல்:
1938 மட்டும் நினைவிருக்கும், 1951 மறந்துபோகும். நியூ தியேட்டரில் அதே ஹாம்லெட்டை அவரே ஃபிராங்க் ஹாசரோடு சேர்ந்து இயக்கி நடித்தார். முதல் நாளே லைட் க்யூ எல்லாம் தப்பி, இருட்ட வேண்டிய இடத்தில் வெளிச்சம், வெளிச்சம் வேண்டிய இடத்தில் இருட்டு. விமர்சகர்கள் கிழித்தார்கள். நாடகத்துக்குள் வரும் நாடகத்தில் ராஜா வேடத்தில் யார் தெரியுமா? கென்னத் டைனன். அவரும் வாங்கிக் கட்டிக்கொண்டு, பிறகு தானே விமர்சகராகி ஊரைக் கிழித்தார். மேடை எல்லாவற்றையும் கற்றுக்கொடுத்தது என்றால் இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அந்த நடை, தாடை எல்லாம் கேமராவுக்காகச் சுருக்கி வைத்தது. 1948 ஆலிவர் ட்விஸ்டில் யூதத் திருடன் ஃபேகின் வேடத்துக்கு இவரை இயக்குநர் டேவிட் லீன் முதலில் ஒத்துக்கொள்ளவே இல்லை. மேக்கப் போட்டு வந்து காட்டுகிறேன், பிறகு சொல்லுங்கள் என்று கேட்டு வாங்கினார். மேக்கப் கலைஞர் ஸ்டூவர்ட் ஃப்ரீபார்ன் குரூக்‌ஷாங்க் மூல நாவலுக்கு வரைந்த படங்களைப் பார்த்து வைத்த மூக்கு அது. அந்த மூக்கு யூத வெறுப்பு என்று எதிர்ப்புக் கிளம்பி, அமெரிக்காவில் 1951 வரை படம் வரவில்லை, வந்ததும் வெட்டுப்பட்டு வந்தது. இதில் ஓல்ட் விக் எங்கே இருக்கிறது?

கண்டிவீதி:
க்வாய் எண்டு கதைக்கிறீங்கள், ஒருத்தரும் இடத்தைச் சொல்லயில்லை. அது தாய்லாந்தில எடுத்த படம் இல்லை. எங்கட இலங்கை, கித்துள்கல, களனி கங்கை. பாலத்தை வெடிக்க வச்சதும் அங்கதான், 1957 மார்ச். பிரதமர் பண்டாரநாயக்க வந்து நிண்டு பார்த்தவர்.

பழையரீல்:
கித்துள்கல சரி. ஆனால் முதல் நாள் வெடிக்கவில்லை என்பதையும் சொல்லுங்கள். ஒரு கேமராக்காரர் பத்திரமான இடத்துக்குப் போய்விட்டாரா என்று உறுதியாகத் தெரியாததால், அந்தப் படத்தையும் இயக்கிய லீன் நிறுத்திவிட்டார். ரயில் மட்டும் பாலத்தைத் தாண்டி ஓடி, அக்கரையில் ஜெனரேட்டரில் மோதியது. அதைச் சரிசெய்து மறுநாள் காலையில்தான் தகர்த்தார்கள்.

கண்டிவீதி:
நான் அதை மறுக்கயில்லையே. தாய்லாந்து எண்டு எழுதுற ஆக்களுக்குத்தான் சொன்னனான்.

மேடைமணி:
இங்கே தாய்லாந்து என்று எழுதியது யார்?

கண்டிவீதி:
ஒருத்தரும் எழுதயில்லை. எழுத முதலே சொல்லி வச்சன்.

ஃபிரேம்24:
அட்மிரல் காட்சிக்கு வருவோம். கப்பல் முழுகிய பிறகு தொப்பி மட்டும் தண்ணீரில் மிதக்க வேண்டும் என்று இயக்குநர் ஹேமர் ஆசைப்பட்டார். அதற்காகக் கின்னஸைக் கம்பியால் தளத்தோடு கட்டினார்கள். ஷாட் முடிந்ததும் அவிழ்க்க மறந்துவிட்டார்கள், நான்கு நிமிஷம் கழித்துத்தான் வெளியே எடுத்தார்கள் என்று கதை. யோகா பழகியதால் தாக்குப்பிடித்தாராம்.

மேடைமணி:
நான்கு நிமிஷம்! ஒன்பது என்று எண்ணுகிறவர் கடிகாரம் பார்த்திருப்பார்.

பழையரீல்:
அந்தக் கதையை இங்கே கொண்டுவந்தது நானா? ஃபிரேம்24 சொன்னதற்கு என்னை இடிக்கிறீர்கள். ஸ்டார் வார்ஸ் திரியிலும் இதே வேலைதான் செய்தீர்கள். கின்னஸுக்குக் கிடைத்த பங்கு "மொத்த வசூலில் 2 சதவீதம்" என்று எழுதினீர்கள். ஒப்பந்தம் 2 சதவீதம், பிறகு இயக்குநர் லூகாஸ் சேர்த்துக் கொடுத்தது கால் சதவீதம், ஆக 2.25. அதுவும் மொத்த வசூலில் இல்லை, லூகாஸ் தரப்புக்கு வந்த பங்கில். நான் சொன்னதும் பேச்சை டிங்கர் டெய்லர் டிவி தொடருக்கு மாற்றினீர்கள்.

மேடைமணி:
ஏனென்றால் 1979 டிங்கர் டெய்லர்தான் பேச வேண்டியது. ஏழு பகுதி, கண்ணாடியைத் துடைப்பதைத் தவிர அதிகம் ஒன்றும் செய்யாமல் ஒரு மனுஷன் பிரிட்டனின் பாஃப்டா விருது வாங்கினார். நீங்கள் சதவீதத்தைக் கட்டிக்கொண்டு அழுங்கள்.

சனிக்கிழமைஷோ:
லேடி அகதா பலூனில் உயரப் போகிற இடத்தில் இருப்பது கின்னஸ் இல்லையாமே? பெல்ஜியத்துக்காரர் ஒருவர் டூப் போட்டாராம். அப்படியென்றால் அகதாவை முழு வேடமாக எண்ணலாமா? ஏழே முக்கால்?

பழையரீல்:
டூப் போட்டதால் வேடம் குறையாது. குறையும் என்றால் தாத்தா வேடத்துக்கு டூப்பே இல்லை, அவர் முழுசாக ஒன்று. எப்படிப் பார்த்தாலும் ஒன்பது.

மேடைமணி:
முக்கால் என்று எழுதியது நானில்லை. என் கணக்கு எட்டு. நடிகர் பட்டியலில் எட்டு.

பழையரீல்:
மறுபடியும் பட்டியலா! ஒரு எழுத்தை முழுங்கியதை மேலே சொன்னேனே, படித்தீர்களா இல்லையா?

மேடைமணி:
அது க்வாய் பட்டியல். இது ஈலிங் பட்டியல்.

கண்டிவீதி:
க்வாய் கித்துள்கலயில எடுத்தது.